கோதுமை வயலில் கிலோக் கணக்கு

கோதுமைக்கு விதையைத் தாராளமாகப் போடு, நஷ்டம் வராது. பஞ்சாபின் லூதியானாவிலிருந்து பிகாரின் பூர்ணியா வரை, உழவர் கூட்டத்தில் பேசுகிறவரும் விதைக் கடைக்காரரும் பக்கத்து வயல்காரரும் ஒரே குரலில் சொல்லும் அறிவுரை இது. பரிந்துரை ஹெக்டேருக்கு 100 கிலோ என்றால் 125 போடுகிறார்கள். கையால் வீசி விதைத்தால் 150. விதைப்பு தள்ளிப்போய்விட்டதா, இன்னும் கொஞ்சம் சேர்த்துப் போடு. முளைப்பில் சந்தேகமா, அதற்கும் அதே மருந்து.

இந்த அறிவுரை அடியோடு தவறு என்பது என் வாதம். கோதுமையின் விளைச்சலைத் தீர்மானிப்பது விதை எந்த நாளில் மண்ணுக்குள் போனது, எவ்வளவு ஆழத்தில் விழுந்தது, எந்த ஈரத்தில் விழுந்தது, எவ்வளவு சீராக விழுந்தது என்பவைதான். எத்தனை கிலோ என்பது இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிற, இவற்றைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டிய ஓர் எண். அந்தப் பின்வரிசை எண்ணை முன்னால் கொண்டுவந்து நிறுத்தியதால், அந்த வடஇந்தியச் சமவெளியின் உழவர் தன் வயலில் உண்மையில் எங்கே இழக்கிறார் என்பது அவர் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. நம் ரேஷன் கடைக் கோதுமையும் கடைத்தெரு மைதாவும் அந்த வயல்களிலிருந்துதான் வருகின்றன. ஆகவே இது நமக்குச் சம்பந்தமில்லாத சண்டை என்று யாரும் ஒதுக்க வேண்டாம்.

முதலில் எளிய கணக்கு. ஆயிரம் மணி 40 கிராம் எடையுள்ள ஒரு ரகத்தை எடுத்துக்கொள்வோம். 100 கிலோ என்றால் 25 லட்சம் மணிகள். ஒரு ஹெக்டேரில் பரப்பினால் சதுர மீட்டருக்கு 250 மணி. அவற்றில் 85 சதவீதம் முளைத்து நிலைத்தால் 212 செடிகள். செடிக்கு இரண்டே கதிர் வைத்துக்கொண்டாலும் 424 கதிர்கள். கதிருக்கு 37 மணி, ஒவ்வொன்றும் அதே 40 மில்லிகிராம் என்றால் சதுர மீட்டருக்கு 627 கிராம். அதாவது ஹெக்டேருக்கு ஆறு டன்னுக்கு மேல். இந்தியாவின் சராசரி மூன்றரை டன்னைச் சுற்றி நிற்கிறது. பஞ்சாப் ஐந்து டன்னை ஒட்டியும், பிகார் மூன்று டன்னை ஒட்டியும் விளைவிக்கின்றன. ஆறு டன்னுக்குப் போதுமான விதையை நிலத்தில் போட்டுவிட்டு மூன்று டன் அறுக்கிற ஒருவரிடம், விதையை இன்னும் கூட்டு என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது? அவருடைய வயலில் குறைந்தது விதை அல்ல என்பதை இந்தக் கணக்கே காட்டிவிடுகிறது.

இந்தக் கணக்கில் நான் செடிக்கு இரண்டு கதிர் என்று வைத்தது கோதுமைக்கு இழைத்த அநியாயம். கோதுமை தூர் கட்டும் பயிர். முளைத்த செடி நான்காவது இலையை விடும் சமயத்தில் முதல் இலையின் கக்கத்திலிருந்து முதல் பக்கத்தூர் எட்டிப் பார்க்கும். பிறகு அடுத்தடுத்த இலைக் கக்கங்களிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பும். சுற்றிலும் இடமும் வெளிச்சமும் சத்தும் இருந்தால் ஒரே செடி ஐந்தாறு கதிரைச் சுமக்கும். இடம் இல்லையென்றால் அதை அந்தச் செடி பட்டினி கிடந்து தெரிந்துகொள்வதில்லை, முன்கூட்டியே உணர்ந்துவிடுகிறது. பக்கத்துச் செடியின் பச்சை இலையில் பட்டு வரும் ஒளியில் சிவப்புக் கதிர் குறைந்து தொலைசிவப்பு மிகுந்திருக்கும். அந்த மாற்றத்தை உணர்ந்த செடி தூர் விடுவதை நிறுத்திக்கொண்டு உயரமாக வளரப் பார்க்கிறது. ஆக, 100 கிலோவை 150 ஆக்கினால் செடிகள் ஒன்றரை மடங்காகும், கதிர்கள் ஒன்றரை மடங்காகா. செடி ஒன்றுக்கு மூன்று தூர் நின்ற இடத்தில் இரண்டு நிற்கும், அவ்வளவுதான். கூடுதலாகப் போட்ட விதை செய்த வேலை, ஏற்கெனவே இருந்த செடியின் பக்கத்தூரை நிறுத்தியதுதான்.

இந்த ஈடுசெய்யும் திறன் எவ்வளவு தூரம் போகும் என்பதை இங்கிலாந்தில் அளந்து பார்த்திருக்கிறார்கள். 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு குளிர்காலக் கோதுமையில் செடி எண்ணிக்கையையும் விதைப்பு நாளையும் சேர்த்து மாற்றிப் பார்த்தது. செப்டம்பர் கடைசியில் விதைத்த பயிருக்குச் சதுர மீட்டருக்கு 60-ஐ ஒட்டிய செடிகளே செலவுக்கேற்ற பலனைத் தந்தன. நவம்பர் நடுவில் விதைத்தபோது அந்த எண் 140-ஐ நெருங்கியது. இங்கிலாந்தின் எண்ணை அப்படியே அம்பாலாவுக்குக் கொண்டுவர முடியாது என்று உடனே மறுப்பார்கள். சரிதான். அங்கே கோதுமை பத்து, பதினொரு மாதப் பயிர். இங்கே ஐந்து மாதம். நமக்கு 60 செடி போதாது, 200-ஐ ஒட்டி வேண்டும். ஆனால் அந்த ஆய்வின் எண்ணைவிட அதன் போக்கைப் பாருங்கள். தூர் கட்டக் கிடைக்கும் காலம்தான் தேவையான செடி எண்ணிக்கையை நிர்ணயிக்கிறது. நாள் முதலில், விதையளவு அதைத் தொடர்ந்து. நம் ஊர் அறிவுரை இதைத் திருப்பிப்போட்டு, விதையளவைக் கொண்டு நாளைச் சரிக்கட்டப் பார்க்கிறது.

அடர்த்தி ஆதரவாளர்களின் பக்கத்தில் அறிவியல் இல்லாமல் இல்லை. 1968-இல் ஆஸ்திரேலிய அறிஞர் டொனால்டு, லட்சியக் கோதுமை எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு வடிவத்தை முன்வைத்தார். பக்கத்தூரே இல்லாத ஒற்றைத் தண்டு, குட்டையான உடல், சிறிய நிமிர்ந்த இலைகள், பெரிய கதிர். அண்டைச் செடியோடு மல்லுக்கட்டாத அப்படிப்பட்ட செடிகளை நெருக்கமாக விதைத்தால் நிலம் வீணாகாது என்பது அவர் வாதம். கதிர் வைக்காமல் சாகும் தூர்கள் சத்தைத் தின்றுவிடுகின்றன என்ற அவருடைய கவலையும் பொய்யில்லை. அந்தச் சிந்தனையை நான் மதிக்கிறேன். ஆனால் நம் கோதுமை ரகங்களான எச்டி 2967-உம் டிபிடபிள்யூ 187-உம் டொனால்டு வரைந்த செடிகள் அல்ல. அவை தூர் கட்டுவதற்காகவே வளர்த்தெடுக்கப்பட்ட ரகங்கள். ஒற்றைத் தண்டுச் செடிக்குச் சொன்ன நெருக்கத்தை இவற்றின் மேல் சுமத்தினால், தண்டு மெலியும், அடிக்கணு நீளும், வேர்ப்பிடிப்பு தளரும். பிப்ரவரி கடைசியிலோ மார்ச்சிலோ தண்ணீர் கட்டிய மறுநாள் காற்று அடித்தால் பயிர் படுத்துவிடும். படுத்த பயிரில் மணி சரியாகப் பால் பிடிக்காது, கதிரறுக்கும் இயந்திரமும் முழுவதையும் வாராது. காற்றுப் புகாத நெருக்கத்தில் சாம்பல் நோய்க்கும் வசதி. பத்திரத்துக்காகப் போட்டதாகச் சொல்லும் அந்த 50 கிலோ, இத்தனை ஆபத்தையும் விலை கொடுத்து வாங்கிக்கொண்டு வருகிறது.

கிலோ என்ற அலகே குழப்பத்தின் ஊற்று என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயிரம் மணி 32 கிராம் எடையுள்ள சிறுமணி ரகத்தில் 100 கிலோ போட்டால் சதுர மீட்டருக்கு 312 விதை விழும். 48 கிராம் எடையுள்ள பெருமணி ரகத்தில் அதே 100 கிலோ 208 விதைதான். ஒரே பரிந்துரை, ஒன்றரை மடங்கு வித்தியாசம். பஞ்சாபில் பெருமணி ரகங்களுக்கு ஏக்கருக்கு 40 கிலோவுக்குப் பதில் 45 என்று தனியாகச் சொல்கிறார்கள். நல்லது. ஆனால் வீட்டில் சேமித்த விதையின் எடை வருஷத்துக்கு வருஷம் மாறும். வெயிலில் சிக்கிச் சுருங்கிய மணி வேறு, நன்றாக முற்றிய மணி வேறு. சான்று பெற்ற விதைக்கு முளைப்புத் திறன் குறைந்தது 85 சதவீதம் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டுக் குதிரில் மழைக்காலம் கழித்த விதைக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. தேவையான செடி எண்ணிக்கையை ஆயிரம் மணி எடையால் பெருக்கி, நிலைக்கும் சதவீதத்தால் வகுத்தால் ஹெக்டேருக்கான கிலோ வந்துவிடும். 210 செடி, 40 கிராம், 85 சதவீதம் என்றால் 99 கிலோ. நூறு மணியை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைத்ததை எண்ணுவதும், ஆயிரம் மணியை எண்ணி நகைக்கடைத் தராசில் நிறுப்பதும் யாராலும் முடியும். இந்தக் கணக்கைச் சொல்லிக்கொடுக்காமல் மூட்டையை நீட்டுகிற ஆலோசகர் யாருக்காகப் பேசுகிறார்?

அடுத்தது ஆழம். கோதுமையின் நவீன வரலாறே இந்த ஒரு விஷயத்தில் தடுமாறி எழுந்து நின்றது. 1960-களுக்கு முன் சமவெளியில் இருந்தவை உயரமான நாட்டு ரகங்கள். நாட்டுக் கலப்பையின் பின்னால் நடந்து சாலில் கையால் போடுவதைக் கேரா என்பார்கள், கலப்பையில் கட்டிய குழாய் வழியாக விடுவதைப் போரா என்பார்கள். மழைக்குப் பின் அடியில் தங்கிய ஈரத்தைத் தொட வேண்டுமென்று விதையை ஆழமாகவே இறக்கினார்கள். நாட்டு ரகம் அதைத் தாங்கியது. முளையின் குருத்தைப் பொதிந்திருக்கும் உறை அவற்றில் நீளமானது, பத்து சென்டிமீட்டர் மண்ணையும் துளைத்து மேலே வரும். பிறகு ஜப்பானின் நோரின் 10 வழியாகக் குட்டை மரபணு வந்தது. மெக்ஸிகோவில் நார்மன் போர்லாக் அதைச் சேர்த்து உருவாக்கிய சொனோரா 64, லெர்மா ரோகோ போன்ற ரகங்கள், கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதன் முன்னின்ற டெல்லி ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் இந்திய வயலுக்கு வந்தன. 1966-இல் மட்டும் 18,000 டன் விதை மெக்ஸிகோவிலிருந்து கப்பலில் வந்தது.

தண்டைக் குட்டையாக்கிய அந்த மரபணு முளையுறையையும் குட்டையாக்கிவிட்டது. பழைய ஆழத்தில் விதைத்தால் உறை பாதி வழியில் நின்றுவிடும். இலை மண்ணுக்குள்ளேயே விரிந்து மடங்கிச் செத்துப்போகும். அதற்கு அன்றைய உழவியல் அறிஞர்கள் கண்ட தீர்வு என்ன தெரியுமா? விதையை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் போடு. விதைத்த மூன்று வாரத்தில், தூரின் அடியிலிருந்து நிலைவேர்கள் இறங்கும் தருணத்தில், முதல் தண்ணீரைத் தவறாமல் கட்டு. இந்த இரண்டு மாற்றங்களும் இல்லாமல் புதிய விதை தன் பலத்தைக் காட்டியிருக்காது. வயல் சோர்ந்து தெரிந்தால் விதையைக் கூட்டிப் போடுவோம் என்று அன்று அவர்கள் முடிவெடுத்திருந்தால், மேலும் பல லட்சம் குருத்துகள் மண்ணுக்குள் மடங்கிச் செத்திருக்கும். பசுமைப் புரட்சியின் சாதனையாக ரகத்தையும் உரத்தையும் மட்டும் பேசுகிறவர்கள் இந்த ஐந்து சென்டிமீட்டரை மறந்துவிடுகிறார்கள். அதை மறந்ததால்தான் வீசி விதைப்பது இன்றும் உயிரோடு இருக்கிறது.

வீசி விதைத்து ரோட்டவேட்டரை ஒருமுறை ஓட்டினால் என்ன ஆகிறது என்று மண்ணைக் கிளறிப் பாருங்கள். சில மணிகள் மேலேயே கிடந்து பறவைக்கும் எறும்புக்கும் போகும். சில இரண்டு சென்டிமீட்டரில், ஈரம் காயும் அடுக்கில் கிடக்கும். சில பத்து சென்டிமீட்டரில் புதைந்திருக்கும். முளைக்கிறவையும் ஒரே நாளில் முளைப்பதில்லை. முந்தி வந்தது பிந்தி வந்ததை நிழலில் அமுக்கிவிடும். ஒரு சாண் இடத்தில் பத்துச் செடி, பக்கத்தில் ஒரு முழம் வெற்றிடம். வெற்றிடத்தில் களை குடியேறும். வரிசை இல்லாததால் கைக்களைக்கொட்டும் நுழையாது. டிஏபி உரத்தை விதைக்குக் கீழே பட்டையாக இறக்கவும் வழியில்லை. இந்த நிலைமைக்கு அதிகாரபூர்வக் கையேடுகளே சொல்லும் தீர்வு: வீசி விதைத்தால் 25 சதவீதம் கூடுதலாகப் போடு. ஐந்தில் ஒரு விதை வீணாகும் என்று தெரிந்தே ஒரு முறையை அனுமதிக்கும் தீர்வு இது. கூட்டிப் போட்ட விதையும் அதே தாறுமாறான இடங்களில்தான் விழுகிறது. நெருக்கம் இன்னும் நெருக்கமாகும், வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கும்.

தூவி விதைப்பது எல்லா இடத்திலும் தவறு என்று நான் சொல்லவில்லை. பிகாரிலும் வங்காளத்திலும் நேபாளத் தாழ்நிலத்திலும் நெல் அறுப்புக்குப் பின்னும் சேறாகவே கிடக்கும் களிமண் வயல்கள் உண்டு. டிராக்டர் இறங்கினால் புதையும். அங்கே ஊறவைத்த கோதுமையை ஈர மண்ணின் மேல் தூவிவிடுகிறார்கள், வேர் தானாக இறங்குகிறது. நம் காவிரிப் படுகையில் சம்பா அறுப்புக்கு முன் நெல்தாளுக்கு நடுவே உளுந்து தூவுவதைப் பார்த்தவர்களுக்கு இதன் நுட்பம் உடனே விளங்கும். ஈரத்தின் பதம் ஒரு நாள் தப்பினால் எல்லாம் தப்பும். அதாவது அந்த முறையிலும் பலன் தருவது நாளும் ஈரமும்தான். உழுது காய்ந்த மேட்டு வயலில் கையால் வீசுகிறவர் அந்த முறையைத் துணைக்கு இழுக்க முடியாது.

இப்போது நாளுக்கு வருவோம். இதில்தான் சமவெளி தன் பெரும் செல்வத்தைத் தொலைக்கிறது. வடமேற்கில் கோதுமைக்கு உகந்தது நவம்பரின் முதல் பாதி. அதற்குப் பிறகு கடக்கும் ஒவ்வொரு நாளும் விளைச்சலில் ஒரு சதவீதத்தை ஒட்டிக் குறைக்கிறது. சில ஆய்வுகள் இதைவிடக் கொஞ்சம் கூட்டியும் சில குறைத்தும் சொல்கின்றன, போக்கு ஒன்றுதான். ஐந்து டன் வயலில் இருபது நாள் தாமதம் என்றால் போனது ஒரு டன். காரணம் பயிரின் இரண்டு முனைகளிலும் இருக்கிறது. டிசம்பர் குளிரில் விதைத்தால் முளைத்து வரவே இரட்டிப்பு நாள் ஆகும். தூர் கட்டும் காலம் சுருங்கும். மறுமுனையில் மார்ச் வெயில் காத்திருக்கிறது. நவம்பர் தொடக்கத்தில் விதைத்தது பிப்ரவரியில் பூத்து, மிதமான வெப்பத்தில் நிதானமாகப் பால் பிடிக்கும். டிசம்பரில் விதைத்தது மார்ச்சில் பூத்து, அனல் காற்றில் அவசர அவசரமாக முற்றி, மணி சுருங்கும். 2022 மார்ச்சில் வழக்கத்துக்கு மீறிய வெப்பம் அடித்தபோது இதன் கொடூரத்தை நாடே பார்த்தது. அந்த ஆண்டு மே 13-ஆம் தேதி அரசு கோதுமை ஏற்றுமதியையே நிறுத்தியது.

தாமதமாக விதைக்கிறவருக்குக் கையேடு தரும் பரிந்துரை ஹெக்டேருக்கு 125 கிலோ, வரிசை இடைவெளி 22.5 சென்டிமீட்டரிலிருந்து 15–18-க்கு நெருக்கம். இந்தப் பரிந்துரையில் பாதி உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறேன். தூர் கட்ட நேரமில்லாத பயிருக்கு முதன்மைத் தண்டுகள் கூடுதலாக வேண்டும். நாள் தவறியே போய்விட்டால் அதைச் செய்யத்தான் வேண்டும். ஆனால் கூடுதல் விதை வாங்கித் தருவது கதிரின் எண்ணிக்கையை மட்டுமே. மணியின் எடையை எந்த விதையளவாலும் வாங்க முடியாது. ஏப்ரலின் அனல் காற்றுக்கு வயலில் 300 செடி நிற்கிறதா 200 நிற்கிறதா என்ற கணக்கு தெரியாது. ஒரு டன்னை இழந்தவர் கையில் 25 கிலோ விதையைக் கொடுத்து ஈடுகட்டிவிட்டதாகச் சொல்லும் அறிவுரை, அந்த இழப்பை இயற்கையின் விதி போல ஆக்கிவிடுகிறது. தாமதம் ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டால் பதில் கோதுமையில் இல்லை, நெல்லில் இருக்கிறது. பிகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் நீண்ட நாள் நெல் ரகங்கள் நவம்பர் கடைசி வரை வயலைப் பிடித்து வைத்திருக்கின்றன. பஞ்சாபில் நிலத்தடி நீரைக் காக்க 2009-இல் வந்த சட்டம் ஜூன் 10-க்கு முன் நாற்று நடக்கூடாது என்றது, பிறகு சில ஆண்டுகள் அந்தத் தேதி இன்னும் தள்ளிப்போனது. நீருக்காகச் சட்டம் தேவைதான். ஆனால் நடவு தள்ளினால் அறுவடை தள்ளும், அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே சில வாரங்களே மிஞ்சும். வைக்கோலுக்குத் தீ வைக்கும் அவலமும் அந்த இடுக்கிலிருந்துதான் புகைகிறது. மிஞ்சிய நாட்களையும் உழவு தின்றுவிடுகிறது. ஈரம் காயக் காத்திருந்து, நான்கு, ஐந்து, சில இடங்களில் எட்டு உழவு வரை ஓட்டிப் பரம்படித்து மண்ணை மாவாக்கிய பிறகுதான் விதைப்பு. கோதுமைக்கு மாவு போன்ற மண் வேண்டும் என்பது இன்னொரு மூடநம்பிக்கை. அது வாரக்கணக்கில் நாளைத் திருடுகிறது.

உழாமல் விதைத்தால் என்ன ஆகும் என்பதை அரியானா காட்டிவிட்டது. 1990-களின் முற்பாதியில் அங்கே குல்லி தண்டா, மண்டூசி என்றெல்லாம் அழைக்கப்படும் களைப்புல், ஐசோபுரோட்டுரான் களைக்கொல்லிக்கு மசியாமல் வயல் வயலாகக் கோதுமையை விழுங்கியது. பயிரைப் பசுந்தீவனமாக அறுத்துப் போட்டவர்களும் உண்டு. அப்போது பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய உழவில்லா விதைப்பான் கைகொடுத்தது. நெல்தாள் நிற்கும் வயலில் குறுகிய கீறல் கிழித்து, நெல்லுக்குப் பின் எஞ்சிய ஈரத்திலேயே விதையையும் உரத்தையும் ஒரே ஓட்டத்தில் இறக்கும் கருவி அது. விதைப்பு ஒன்று, இரண்டு வாரம் முந்தியது. மண்ணைப் புரட்டாததால் களைவிதை மேலே வரவில்லை. களை முளைக்கும் முன்பே கோதுமை எழுந்து நின்றது. டீசல் மிச்சம். தயங்கியவர்கள் பக்கத்து வயலைப் பார்த்து மாறினார்கள். பிறகு வைக்கோலை எரிக்காமலே விதைக்க ஹாப்பி சீடர் வந்தது. இத்தனை மாற்றத்திலும் விதையளவு கிட்டத்தட்ட பழையபடிதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

களையை அடக்க அடர்த்தி உதவும் என்ற வாதம்தான் எதிர்த்தரப்பின் வலுவான வாதம். மேற்கு ஆஸ்திரேலியாவில் களைக்கொல்லிக்கு அடங்காத ரைபுல்லை நெருக்க, விதையளவைக் கூட்டச் சொல்கிறார்கள், பலனும் இருக்கிறது. ஆனால் அங்கே வழக்கமான விதையளவே நம்முடையதைவிடக் குறைவு. கூட்டிய பிறகும் சதுர மீட்டருக்கு 150–200 செடிதான், நம் 100 கிலோ தருவதைவிட அதிகம் இல்லை. அதுவும் விதைப்பானால் சீராக விழுந்த செடி. திட்டுத் திட்டாக நெருங்கிய வயலின் வெற்றிடத்தில் எந்தக் களையும் அடங்காது.

குறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு மெக்ஸிகோவின் யாக்கி பள்ளத்தாக்கு சாட்சி. ஒப்ரகோன் நகரைச் சுற்றியுள்ள பாசனப் பகுதியில் பெரும்பாலான உழவர்கள் சமதள விதைப்பைக் கைவிட்டு மேட்டுப்பாத்திக்கு மாறினார்கள். 70–80 சென்டிமீட்டர் பாத்தியின் மேல் இரண்டு அல்லது மூன்று வரிசை, நடுவில் வாய்க்கால். நீர் மிச்சமானது, வாய்க்காலில் இறங்கிக் களை எடுக்க முடிந்தது, பயிர் படுப்பது குறைந்தது. அந்தப் பள்ளத்தாக்கின் விளைச்சல் உலகின் உயர்ந்த வரிசையிலேயே இருக்கிறது. இந்தியாவில் இதே முறைக்குச் சொல்லப்படும் விதை 75–80 கிலோ.

இதைப் படிக்கும் சிலர் இப்போது மகிழ்ச்சியாக எதிர்ப்பக்கத்துக்கு ஓடிவிடக்கூடும். நம் ஊரில் திருந்திய நெல் சாகுபடி என்று வந்த முறையின் தங்கை போல, பிகாரில் கோதுமைக்கும் ஒரு முறை பரவியிருக்கிறது. 20 சென்டிமீட்டருக்கு ஒரு குழி, குழிக்கு இரண்டு விதை, ஹெக்டேருக்கு 25–30 கிலோ போதும் என்கிறார்கள். மகளிர் குழுக்கள் மூலம் சிறு துண்டு நிலங்களில் நல்ல விளைச்சல் எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். அந்தப் பெண்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் அந்த விளைச்சலைத் தந்தது விதை குறைந்தது என்று சொல்வதும் அதே கிலோ மயக்கம்தான். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பொறுக்கிய விதை, ஒவ்வொன்றும் அளவான ஆழத்தில், சம இடைவெளியில், கையால் வைக்கப்பட்டது. வரிசையில் களைக்கருவி ஓட்டி மண்ணைக் கிளறினார்கள். மட்கு போட்டார்கள், நேரத்துக்குத் தண்ணீர் கட்டினார்கள். இத்தனையும் செய்த வயல் 25 கிலோவிலும் விளையும், 80 கிலோவிலும் விளையும். இவற்றில் எதையும் செய்யாத வயலில் 25 கிலோவை வீசினால் வெறும் நிலம்தான் மிஞ்சும்.

கூடுதல் விதைக்கு ஆகும் செலவு சொற்பம், அதற்கு இவ்வளவு பேச்சா என்பார்கள். 2025–26 கொள்முதலுக்கு அரசு அறிவித்த ஆதார விலை குவிண்டாலுக்கு 2,425 ரூபாய். அந்தக் கணக்கில் 25 கிலோ சுமார் 600 ரூபாய், கடை விதை என்றால் இன்னும் கூடும். ஓர் உழவருக்குச் சொற்பம் என்றே வைத்துக்கொள்வோம். கோதுமை விளையும் 3 கோடியே 10 லட்சம் ஹெக்டேரிலும் 25 கிலோ வீணானால் அது 7 லட்சத்து 75 ஆயிரம் டன் தானியம். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. இந்த 600 ரூபாய் செலவானதும் உழவர் மனதில் ஒரு நிம்மதி வந்துவிடுகிறது. விதைப்பானைத் தேடிப் போகத் தோன்றுவதில்லை. ஆழத்தைத் தோண்டிப் பார்ப்பதில்லை. பத்து நாள் முந்த வழியுண்டா என்று விசாரிப்பதில்லை. அதிகாரிக்கும் அதே நிம்மதி. மூட்டை விநியோகித்ததற்குக் கணக்கு எழுதிவிடலாம். நவம்பர் 15-க்குள் எத்தனை வயலில் விதைப்பு முடிந்தது என்ற கணக்கை எழுத அவர் வெட்கப்பட வேண்டியிருக்கும்.

இரண்டு ஏக்கர்க்காரரால் விதைப்பானும் டிராக்டரும் வாங்க முடியாது என்பது உண்மை. அவர் வாங்கவும் வேண்டாம். அவருக்கு வேண்டியது நவம்பர் முதல் வாரத்தில் வாடகைக்குக் கிடைக்கும் விதைப்பான் ஒன்று. எல்லோருக்கும் வேலை முடிந்து டிசம்பரில் அவர் முறைக்கு வரும் இயந்திரத்தால் பயனில்லை. அக்டோபரில் அறுவடைக்கு வரும் நெல் ரகமும், அதைச் சரியான நாளில் நட ஜூனிலேயே தண்ணீரும் வேண்டும். விதைப்பானை ஓட்டுகிறவர் ஒவ்வொரு ரகத்துக்கும் அளவுத் திருகைச் சரிசெய்து, சில மீட்டர் ஓட்டி விழுந்த மணியை எண்ணிய பிறகே வயலில் இறங்க வேண்டும். விதை மானியத்துக்குப் போகும் பணத்தில் ஒரு பகுதியை இந்த வாடகை நிலையங்களுக்குத் திருப்பினால் கோதுமைக்கு அதைவிட நன்மை செய்ய முடியாது. விதைத்த மூன்றாம் வாரம், முதல் தண்ணீருக்கு முன், உழவர் ஒரு மீட்டர் குச்சியோடு வயலில் இறங்கட்டும். 22.5 சென்டிமீட்டர் வரிசையில் மீட்டருக்கு 45 செடி இருந்தால் சதுர மீட்டருக்கு 200 இருக்கிறது என்று பொருள். இருந்தால் அடுத்த வருஷமும் அதே கிலோ போதும். 30 தான் இருந்தால், இன்னொரு மூட்டைக்குக் கடைக்கு ஓடுமுன் அந்த இடத்தில் மண்ணைத் தோண்டி, வராத விதை எந்த ஆழத்தில் கிடக்கிறது என்று பார்க்கட்டும்.